முந்திக்கொண்ட அனுதாபம்

அத்தியாயம் 7

“‘கண்ணீரோடு எழுதுகிறேன்’னு போட்டிருக்காரு சேர்,” என்றாள் றஞ்சிதம். “கண்ணீர் விட்டா போன் கெட்டுப் போகாதா?”

கிளெமென்ற் பாண் துண்டில் சம்பலைத் தடவிக்கொண்டிருந்தார். கொழும்புத் துறைமுகத்தில் இருபது வருடம் களவுச் சாமான் பிடித்துவிட்டு, இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் மனிதர் அவர். களவெடுப்பவர்களைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்வார். தன்னைத் தானே புகழ்ந்துகொண்டு திரிபவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. அந்தக் கூட்டம் முழுவதும் போனுக்குள்தான் குடியிருக்கிறது என்பது அவருடைய கட்சி. அதனால் அலுவலக வாசலில் கிறாக்கர் பிஸ்கட் வரும் பெரிய சதுர ரின் ஒன்றை வைத்திருந்தார். வருகிறவர் யாராக இருந்தாலும் போனை அதற்குள் போட்டுவிட்டுத்தான் கதிரையில் உட்காரலாம். உதவியாளர் றஞ்சிதத்துக்கு மட்டும் விலக்கு. ஜிந்துப்பிட்டிக்காரியான அவளுக்கு ஒரு ஓட்டோவும், அதைவிட வேகமாக ஓடும் வாயும் சொந்தம்.

“முழுக்க வாசி.”

“‘இன்று காலை ஓர் இளம் சகோதரியின் பயணம் ஒரே ஒரு தவறால் முடிந்துபோனது. பெயர் சொல்லமாட்டேன். கம்பனி அவளை வெளியே அனுப்பியதை அறிந்தபோது என் மனம் உடைந்தது. விவசாயச் சந்தைப்படுத்தலில் நாம் விதைப்பதும் நம்பிக்கை, அறுப்பதும் நம்பிக்கை. உங்கள் கருத்து என்ன?’ அவ்வளவுதான் சேர். கீழ ஒரே கும்பிடு. ஒராளு ‘கொங்கிராஜுலேஷன்ஸ்’னு போட்டிருக்காரு.”

“எதுக்குக் கொங்கிராஜுலேஷன்ஸ்?”

“வாசிச்சாத்தானே சேர் தெரியும்!”

கிளெமென்ற் சன்னலோரக் கதிரையைத் திரும்பிப் பார்த்தார். பெயர் சொல்லப்படாத அந்த இளம் சகோதரி அங்கேதான் இருந்தாள். கையில் தேநீர் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. அவளை எந்தக் கம்பனியும் இன்னும் வெளியே அனுப்பவில்லை.

அவள் பெயர் நிம்றா. மாளிகாவத்தை மாடிவீட்டுப் பிள்ளை, விவசாயச் சந்தைப்படுத்தல் படிக்கிற மாணவி. மரக்கறி, பழம் விற்கும் கம்பனிக்காரரும் அந்தப் படிப்புப் படிக்கும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வதற்கென்று இணையத்தில் ‘வயல்வழி’ என்றொரு குழு இருக்கிறது. வேலை வேண்டுமென்றால் அதற்குள்தான் சிரிக்க வேண்டும், அதற்குள்தான் கைதட்ட வேண்டும். ஒரு கத்தரிக்காயைக்கூட விற்றிராதவர்கள் கத்தரிக்காய் விற்பது எப்படி என்று கூடிக் கதைக்கும் இடம் என்று கிளெமென்ற் அதற்கு விளக்கம் வைத்திருந்தார்.

அந்தக் குழு மூலம்தான் கொள்ளுப்பிட்டியில் இருக்கும் ஓர் அன்னாசி ஏற்றுமதிக் கம்பனி இந்த வருடம் ஒரேயொரு பயிலுநரை எடுத்தது. இடம் நிம்றாவுக்குக் கிடைத்தது. போன வியாழன் இரவு எட்டு மணிக்கு, அடுத்த மாதம் தோட்டக்காரருக்குக் கம்பனி கொடுக்கவிருந்த விலைகளின் படம் நிம்றாவின் பெயரில் ‘வயல்வழி’யில் வெளியானது. கம்பனிக்குள் இருக்க வேண்டிய சங்கதியை ஊரெல்லாம் பார்த்தது. தான் போடவில்லை என்கிறாள் நிம்றா. அவளுடைய கணக்கிலிருந்து வந்ததை வேறு யார் போட்டிருப்பார்கள் என்கிறது கம்பனி. செவ்வாய்க்கிழமை காலை விசாரணை என்று சொல்லிவிட்டார்கள். அதில் தோற்றால் இந்த வேலை மட்டும் போகாது. அந்தத் தொழிலில் எல்லோரும் ‘வயல்வழி’யைத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கெட்ட பெயரோடு அவளை இனி ஒருவரும் வாசற்படி ஏறவிடமாட்டார்கள்.

இன்று செவ்வாய். ஆனால் விடியற்காலையிலேயே கம்பனி முதலாளி பாயிஸ் தம்புள்ளையிலிருந்து நிம்றாவைப் போனில் அழைத்து, வெள்ளம் பாதையை மறித்துவிட்டது, விசாரணை நாளைக்குத்தான் என்று சொல்லியிருந்தார். நிம்றா நேரே இங்கே வந்துவிட்டாள்.

“பாயிஸ் முதலாளி கோல் எடுத்ததை ஆருக்குச் சொன்னனீர் பிள்ளை?” என்று கேட்டார் கிளெமென்ற்.

“யாருக்கும் சொல்லல்ல சேர். ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லப் போடாதுண்டு நீங்கதானே சொன்னீங்க. உம்மாவுக்கும் சொல்லல்ல.”

“அப்ப இந்தப் போஸ்ற்றை எழுதின ஆளுக்கு இண்டைக்கு விசாரணை எண்டு தெரியும். விசாரணை நடக்கேல்ல எண்டு தெரியாது.”

“அதைவிட சேர், முடிவு என்னன்னும் தெரியும்,” என்றாள் றஞ்சிதம். “இவங்க எல்லாம் முதல் நாளே எழுதி நேரம் வச்சு விட்டுருவாங்க. நீங்க தூங்கினாலும் அது தன்பாட்டுக்கு வெளிய போகும். ரைமர் வச்ச ரைஸ் குக்கர் மாதிரி.”

“அழுகையையுமோ?”

“அழுகையும் வேகணுமே சேர்.”

கிளெமென்ற் பாணைத் தட்டில் போட்டார். நடக்காத விசாரணையில் நிம்றா தோற்பாள் என்று அவ்வளவு நிச்சயமாக நம்பியவர், அவளைத் தோற்கடிக்க வேலை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பதிவின் தலையில் ஒரு பெயரும் படமும் இருந்தன. றமேஷ். பெயருக்குக் கீழே ‘விவசாயச் சந்தை வழிகாட்டி, பேச்சாளர், மண்ணின் மைந்தன்’ என்று போட்டிருந்தது.

“இந்த மண்ணின் மைந்தன் இருக்கிற இடம் எது?”

“வெள்ளவத்தை சேர். சாரிக்கடைக்கு மேல.”

மண்ணின் மைந்தன் ஷூட்டிங்கில் இருந்தார்.

பச்சைத் துணி கட்டிய ஒரு சுவருக்கு முன்னால், ஓலைத் தொப்பியும் முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய சாரமுமாக நின்றுகொண்டிருந்தார் றமேஷ். ஏசி குளிரில் அவருடைய முழங்கால்கள் மெல்ல ஆடின. கையில் ஓர் அன்னாசிப்பழம். கன்னத்தில் சேறு. அதுவும் ஒரு பக்கம் மட்டும், அளவாக. கீழே காலி வீதியில் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. மேலே இந்த ஆள் கண்ணை மூடிக் குருவிச் சத்தத்தைக் கேட்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார். 

“சேர், பழத்தில விலை ஸ்டிக்கர் இருக்கு,” என்றாள் றஞ்சிதம். “வயல்லயே ஒட்டி வருதா?”

றமேஷ் அவசரமாக ஸ்டிக்கரைச் சுரண்டினார். “ஸொரி அங்கிள். ரெண்டு நிமிஷம். ஓதென்ரிக்கா, இயல்பா வரோணும்.”

“நிம்றான்ர விசயமாக் கதைக்க வந்தனாங்கள்,” என்றார் கிளெமென்ற்.

றமேஷின் முகம் உடனே சோகமானது. சேறு பூசாத பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சோகமானது. “ஹார்ட்பிறேக்கிங், அங்கிள். நல்ல பிள்ளை. இண்டைக்கு நிப்பாட்டிப் போட்டாங்கள்.”

“ஆர் சொன்னது?”

“போஸ்ற்றில இருந்தது.”

“ஆர்ர போஸ்ற்றில?”

றமேஷ் அன்னாசியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். “என்ர போஸ்ற்றில.”

கிளெமென்ற் றஞ்சிதத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் எழும்பி என்ர பேஜைப் பார்த்துத்தான் அறிஞ்சனான் அங்கிள். சரியான ஷொக்.”

கிளெமென்ற் இருபது வருடமாகப் பொய்யர்களோடு பழகியவர். நல்ல பொய், கெட்ட பொய், அவசரப் பொய் எல்லாம் பார்த்திருக்கிறார். எந்தப் பொய்யனும் இப்படி ஒரு பொய்யைச் சொல்லித் தன்னைத் தானே கேவலப்படுத்திக்கொள்ளமாட்டான். ஆகவே இந்த மனிதர் சொல்வது முழு உண்மை. குற்றம் செய்யக்கூட லாயக்கில்லாத ஒரு வெறும் கோது முன்னால் நிற்கிறது. அதைத்தான் ஆயிரக்கணக்கான பேர் பின்தொடர்கிறார்கள்.

“உங்களப் பத்தி வேற என்னா புதுசா அறிஞ்சீங்க சேர் இன்னைக்கு?” என்று கேட்டாள் றஞ்சிதம்.

“உமக்குப் போஸ்ற் எழுதுறது ஆர் தம்பி?” என்றார் கிளெமென்ற்.

“கொன்ரென்ற் ரீம் ஒண்டு இருக்கு.”

“ரீமில எத்தினை பேர்?”

“ஒராள்.” றமேஷ் தொப்பியைக் கழற்றினார். “எல்லாருக்கும் இருக்கு அங்கிள். இந்த ஃபீல்ட்ல தானா எழுதுறவன் ஒருத்தனும் இல்லை. அதுக்கு முறை எல்லாம் இருக்கு. காலமை சோகம் போட்டா, அண்டைக்கே பின்னேரம் அஞ்சு மணிக்குச் சந்தோஷம் ஒண்டு போடோணும். இல்லாட்டி ஆக்கள் கழண்டு போயிடுவினம்.”

“அப்ப இண்டைக்கு அஞ்சு மணிக்குச் சந்தோஷம் ஒண்டு வருமோ? என்ன அது?”

“தெரியாது. நானும் அஞ்சு மணிக்குத்தான் பார்ப்பன்.”

றஞ்சிதம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின.

“அந்த ஒராள் ஆர்?”

“உங்கட பக்கத்துப் பிள்ளைதான் அங்கிள். கொட்டாஞ்சேனை. ரொஷேல். கெட்டிக்காரி. லைவ் நிகழ்ச்சியும் அவதான் நடத்துறவ. பாஸ்வேட்டும் அவவிட்டத்தான். என்னட்ட இருந்தா நான் மறந்திடுவன்.”

கிளெமென்ற் விறுவிறுவென்று படியிறங்கினார்.

ரொஷேல். போன சனிக்கிழமை நிம்றாவின் கையைப் பிடித்து மாடிப்படி ஏற்றிக்கொண்டு வந்த சிநேகிதி. நிம்றாவைவிடக் கூடுதலாக அழுதவள். “நிம்றான்ர லப்ரொப் பழுதாகி இருந்தது அங்கிள். அவட அக்கவுண்ட் என்ர லப்ரொப்பிலயும் திறந்துதான் இருந்தது. என்னையும் விசாரியுங்கோ” என்று தானாகவே முன்வந்து சொன்னவள். வியாழன் இரவு எட்டு மணிக்கு நீர் எங்கே என்று கேட்டபோது, றமேஷின் பக்கத்தில் லைவ் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்ததைக் காட்டினாள். படம் வெளியான அந்த நேரம் ரொஷேலின் இரண்டு கைகளும் கமராவுக்கு முன்னால் இருந்தன. அதோடு கிளெமென்ற் அவளை விட்டுவிட்டார்.

“குக்கர், சேர்,” என்றாள் றஞ்சிதம், ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே. “பின்னேரமே நேரம் வச்சு விட்டுட்டு வந்து லைவ்ல உக்காந்திருக்கா. அது எட்டு மணிக்குத் தன்பாட்டுக்கு வெந்திருக்கு.”

“நிம்றாவுக்கு அடுத்ததாக் கம்பனி தெரிஞ்செடுத்தது ஆரை?”

“ரொஷேலைத்தான். ‘அவவுக்குக் கிடைச்சா எனக்குக் கிடைச்ச மாதிரி’ன்னு சொல்லிச்சே அந்தப் புள்ள.”

“பிறகேன் எங்களிட்டக் கூட்டிக்கொண்டு வந்தவள்?”

றஞ்சிதம் பம்பலப்பிட்டியில் ஒரு பஸ்ஸை முந்தினாள். பிறகு, “நம்ம வாசல்ல ஒரு பிஸ்கட் ரின் இருக்கே சேர்,” என்றாள். “ரின் வச்சிருக்கிற ஆளுக்கு என்னா வெளங்கப் போகுதுன்னு நெனச்சிருப்பா.”

கிளெமென்றுக்குக் காது சுட்டது. உதவி தேடவேண்டும் என்று நிம்றா பிடிவாதம் பிடித்தபோது, ரொஷேல் ஊரிலேயே போனைத் தொடாத கிழவன் யாரென்று பார்த்துத் தெரிந்தெடுத்து அழைத்து வந்திருக்கிறாள். மற்றவர்களை இளக்காரமாகப் பார்த்தே பழகிய மனிதருக்கு, தன்னை ஒருத்தி அதே கண்ணால் பார்த்திருக்கிறாள் என்பது பொறுக்க முடியாத கோபத்தைக் கொடுத்தது.

“கெதியா விடும் றஞ்சி. அஞ்சு மணிக்கு முதல் அவள் என்ர கதிரையில இருக்கோணும்.”

ரொஷேல் நாலரைக்கே வந்துவிட்டாள். நிம்றாவுக்கு இப்படி ஆகிவிட்டதே, ஒருக்கால் வந்து போம் என்று கிளெமென்ற் அலுவலக லேண்ட்லைனில் அழைத்திருந்தார். இப்படி என்றால் எப்படி என்று அவர் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை.

வாசலில் ரின்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினாள். “அங்கிள், எனக்கு ஒரு முக்கியமான கோல் வரும்.”

“வந்தா ரின் சொல்லும் பிள்ளை.”

போன் ரின்னுக்குள் விழுந்தது. ஏற்கெனவே அதற்குள் கிடந்த இன்னொரு போனை அவள் கவனிக்கவில்லை. றஞ்சிதம் மூடியைப் போட்டு அழுத்திவிட்டு, இடமில்லாததுபோல் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ரொஷேல் கைலேஞ்சியை எடுத்தாள். கண்ணீர் உடனே வந்தது. “பாவம் நிம்றா. வெளியில அனுப்பிப் போட்டாங்கள் எண்டு கேட்டதில இருந்து எனக்குச் சாப்பாடும் இறங்கேல்ல அங்கிள்.”

“ஆர் சொல்லிக் கேள்விப்பட்டனீர்?”

“அவதான். காலமை கோல் எடுத்து அழுதவ. நான் அவவோட அரை மணித்தியாலம் கதைச்சனான்.”

உள்ளறைத் திரை விலகியது. நிம்றா வெளியே வந்து நின்றாள்.

“நான் இண்டைக்கு உன்னோட பேசவே இல்லயே ரொஷேல்.”

“விசாரணை நடக்கேல்ல, பிள்ளை,” என்றார் கிளெமென்ற். “முதலாளி தம்புள்ளையில வெள்ளத்துக்குள்ள நிக்கிறார். விசாரணை நாளைக்குத்தான். வெளியில அனுப்பினது எண்ட கதை றமேஷின்ர பேஜில மட்டும்தான் இருக்கு. அதை எழுதினது நீர்.”

கண்ணீர் குழாயைப் பூட்டியதுபோல் நின்றது. ரொஷேல் நிம்றாவைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். ஐந்தாக இன்னும் சில நிமிடங்கள். பிறகு றஞ்சிதத்துக்குக் கீழே இருந்த ரின்னைப் பார்த்தாள்.

“அங்கிள், நான் ஒரு கோல் எடுக்கோணும்.”

“எடுக்கலாம். ரீயைக் குடியும்.”

“ரீ வேண்டாம். என்ர போனைத் தாங்கோ!”

“யாருக்கும்மா கோல்?” என்றாள் றஞ்சிதம். “நம்பரச் சொல்லு, என் போன்ல எடுத்துத் தாறேன்.”

“கோல் இல்லை! ஒரு போஸ்ற். அதை நிப்பாட்டோணும்...” ரொஷேல் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னா போஸ்ட்?” என்று கேட்டாள் நிம்றா.

பதில் ரின்னுக்குள்ளிருந்து வந்தது. முதலில் ஒரு டிங். பிறகு இன்னொன்று. பிறகு தகரம் முழுவதும் கடகடவென்று அதிரத் தொடங்கியது.

“சேர், கூசுது,” என்று நெளிந்தபடியே றஞ்சிதம் தன் போனை எடுத்துப் பார்த்தாள். குரலைக் கனைத்துச் சரிசெய்துகொண்டு வாசித்தாள். “‘பெருமகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்! நமது வயல்வழிக் குடும்பத்தின் செல்வி ரொஷேல், கொள்ளுப்பிட்டி அன்னாசிக் கம்பனியின் புதிய பயிலுநராக இன்று நியமனம் பெற்றிருக்கிறார். தகுதிக்குக் கிடைத்த பரிசு. நேர்மைக்குக் கிடைத்த வெற்றி. வாழ்த்துவோம்!’”

“நேர்மைக்கு,” என்றார் கிளெமென்ற்.

“வாழ்த்துறாங்க சேர். வாழ்த்துறாங்க. காலையில கும்பிட்ட அதே ஆளுங்கதான். றமேஷ் சேரும் வந்துட்டாரு. ‘சோ ப்ரௌட் ஒஃப் யூ’ன்னு போட்டிருக்காரு. அவரு பேஜ்ல அவரே!”

ரொஷேல் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். “ஒரு இடம்தானே இருந்தது,” என்றாள் கைகளுக்குள்ளிருந்து. “நானும்தானே ஒவ்வொரு நாளும் எல்லாருக்கும் கைதட்டினனான். அந்த ஆளுக்கு எல்லாத்தையும் எழுதிக் குடுத்தது நான். என்னை ஒருத்தரும் பார்க்கேல்ல.”

“நான் பாத்தேன்,” என்றாள் நிம்றா.  அவளுக்கு வந்தது அழுகை அல்ல, கோபம். “இன்டர்வியூல என்னா கேட்பாங்கண்டு உனக்கு நாலு நாளாச் சொல்லித் தந்தது யாரு? விலைப் பேப்பரை அசைன்மென்ட்டுக்குண்டு உனக்குக் காட்டினது யாரு? நான்தானே.”

ரின்னுக்குள்ளே டிங்குகளுக்கு நடுவில் ஒரு போன் உண்மையாகவே அடித்தது. றஞ்சிதம் எழுந்து மூடியைத் திறந்தாள். அடித்தது நிம்றாவின் போன். நிம்றா ஸ்பீக்கரைப் போட்டாள். பின்னணியில் மழை இரைந்தது.

“மகள், பாயிஸ் பேசுறேன். என்னா இது கூத்து? காலையில உங்கள நிப்பாட்டினேன் எண்டு ஒருத்தன் போடுறான். இப்ப புதுசா ஒரு புள்ளய எடுத்தேன் எண்டு போடுறான். நான் இன்னம் தம்புள்ளயில முழங்கால் தண்ணியிலதானே நிக்கிறேன். யாரையும் நிப்பாட்டவுமில்ல, எடுக்கவுமில்ல. இந்த ரொஷேல் யாரு?”

நிம்றா ரொஷேலைப் பார்த்தாள். “என்ட பேர்ல விலைப் படத்தைப் போட்ட ஆள் சேர். எனக்கும் இப்பதான் வெளங்குது.”



“அதானா நான் குடுக்காத வேலய முதல்லயே போட்டிருக்கு? சரி மகள். நாளைக்கு நீங்க விசாரணைக்கு வர வேண்டாம். வேலைக்கு வாங்க. அந்தப் புள்ளய விசாரணைக்கு வரச்சொல்லுங்க.”

நிம்றா சுவரில் சாய்ந்து, போன வியாழனுக்குப் பிறகு முதல்தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டாள். பிறகு போனில் ஏதோ எழுதினாள். எழுதி முடித்ததும் ரின்னுக்குள் மற்றப் போன் இன்னொரு தடவை டிங் என்றது.

றஞ்சிதம் குனிந்து அதன் திரையை வாசித்தாள். “‘வாழ்த்துகள் ரொஷேல். நாளை காலை கம்பனியில் சந்திப்போம். நிம்றா.’”

கிளெமென்ற் எழுந்தார். ரின்னுக்குள் கைவிட்டு, நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்த அந்தப் போனை, செத்த எலியை எடுப்பதுபோல் இரண்டு விரலால் தூக்கி ரொஷேலிடம் நீட்டினார்.

“இந்தாரும். இருந்து எல்லாருக்கும் நன்றி சொல்லும்,” என்றார். “நேரம் வச்சு விடாம, ஒவ்வொருத்தருக்கும் உம்மட கையாலயே.”